அறுபத்தொரு கிலோவுக்கு ஒரு இடம்

இருபத்தாறு வருசமாப் போர்க்லிஃப்ட் ஓடுறவன் நான். மில்லிக்கன் பக்கம், ஸ்ரீல்ஸ் றோட்டுக்குக் கிட்ட ஒரு வெயர்ஹவுஸ். சாமான் அடுக்கின பலட்டைக் கண்ணாலை பாத்தே உது நானூற்றைம்பது கிலோ, உது அறுநூறு எண்டு சொல்லுவன். மனேச்சர் நம்பாமல் தராசிலை வைச்சுப் பாப்பான். பத்துக் கிலோ முன்னைப் பின்னைதான் இருக்கும். அதிலை எனக்குச் சரியான பெருமை. புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்கு முன்னாலை வேணுமெண்டே செய்து காட்டுவன். அந்தப் பெருமையிலை மண் விழுந்ததைத்தான் இப்ப எழுதப்போறன்.

என்ரை மனிசி என்னட்டை ஒண்டும் கேக்கிற ஆள் இல்லை. பிஸ்கற் பக்ரறியிலை இருபது வருசம் நிண்ட நிலையிலை பெட்டி கட்டினவ. எனக்குப் பின்னேர ஷிஃப்ட், இவவுக்குக் காலமை ஷிஃப்ட். மகள் படிச்சு முடிச்சு வேலை கிடைச்சு கல்கரிக்குப் போய்விட்டாள். அதுக்குப் பிறகு மோர்னிங்சைட்டிலை அந்த வீட்டிலை நாங்கள் ரண்டு பேரும்தான். போன மாரிக்கு முந்தின மாரி காலத்திலை, வெளியிலை பனி கொட்டின ஒருநாள், நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கேக்கை வந்து நிண்டு கேட்டா.

"இஞ்சேருங்கோ, சுப்பீரியர் ஏரி எண்டு ஒண்டு இருக்காமே. எங்கடை ஒன்ராறியோவிலைதானாம். நிண்டு பாத்தால் மற்றக் கரை தெரியாதாம். ஒருக்காப் போய்ப் பாப்பமே?"

வேலையிலை ஆரோ போனிலை படம் காட்டியிருக்கினம். முப்பது வருசத்திலை முதல் முதல் வாயைத் திறந்து கேட்ட ஆசை. நான் என்னெண்டு மாட்டன் எண்டிறது?

"போவம். வழியிலை மோட்டலுகளிலை நிண்டு நிண்டு போவம்" எண்டன்.

"ஆரார் படுத்த கட்டிலோ. என்னாலை ஏலாது."

"அப்ப ரென்ற் ஒண்டு வாங்குவம். இப்ப நல்ல வடிவான ரென்ற் எல்லாம் இருக்கு."

இவ என்னை ஒருமாதிரிப் பாத்தா. "தறப்பாளுக்குக் கீழை படுத்தது காணும்" எண்டா.

சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து ஓடின காலத்திலை நாங்கள் ரண்டு பேரும், ஒருத்தரை ஒருத்தர் தெரியமுந்தியே, வேறை வேறை இடத்திலை தறப்பாளுக்குக் கீழை கிடந்தனாங்கள். மழை பெய்தால் அது என்ன சத்தம் போடும் எண்டு ரண்டு பேருக்கும் தெரியும். ரென்ற் கதை அதோடை முடிஞ்சுது.

என்னட்டை ஒரு சின்னப் பிக்கப் நிண்டது. அப்பதான் யோசினை வந்தது. பிக்கப்பின்ரை பின் பெட்டிக்குள்ளை அப்பிடியே தள்ளி வைக்கிற காம்பர் ஒண்டு இருக்கு. உள்ளுக்குக் கட்டில், அடுப்பு, சின்ன பிரிஜ், கை கழுவத் தொட்டி. ஓடேக்கை கூரை மடிஞ்சு கிடக்கும், நிப்பாட்டினாப் பிறகு எழுப்பலாம். வேண்டாமெண்டால் நாலு கால் வைச்சு நிப்பாட்டிப்போட்டு, பிக்கப்பைக் கீழாலை ஓட்டிக்கொண்டு வெளியிலை வரலாம். எங்கடை கட்டில், எங்கடை அடுப்பு, தலைக்கு மேலை தகரம். ஒருத்தர் பாவிச்சதை வாங்கிக்கொண்டு வந்து ட்றைவ்வேயிலை இறக்கினன். இவ சுத்திச் சுத்திப் பாத்திட்டு "சின்னக் கூடு" எண்டா. அண்டையிலை இருந்து அது கூடுதான்.

பக்கத்து வீட்டு அண்ணை வந்து வேலிக்கு அங்காலை நிண்டு பாத்தார். மன்னார் ஆள். கார் திருத்துற இடத்திலை ஒட்டு வேலை செய்து ஓய்வெடுத்தவர். நல்ல மனிசன், ஆனால் வாய் சும்மா கிடவாது.

"தம்பி, உன்ரை வாகனம் சின்னன். உந்தக் கோயிலைத் தாங்குமோ?"

எனக்குக் கோவம் வந்திட்டுது. "அண்ணை, பாரம் தூக்கிறதைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதேங்கோ" எண்டன்.

வெளியிலை வீறாப்பு. உள்ளுக்கை பயம்தான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. வேலையிடத்திலை ஒருத்தன் அவசரத்திலை நிறை பாக்காமல் ஒரு மெசினைத் தூக்கினவன். போர்க்லிஃப்ட் மூக்குக் குத்திச் சரிஞ்சுது. பாய்ஞ்சு தப்பப் பாத்தவனுக்கு ஒரு கால் பாதம் போச்சுது. நான் பத்தடி தள்ளி நிண்டனான். அந்தச் சத்தம் இப்பவும் காதுக்கை நிக்குது. கண்ணாலை நிறை சொல்லுறது எனக்கு விளையாட்டு. ஆனால் தூக்கமுந்தி தராசிலை போடாமல் விட்டதில்லை. அந்த ஏரிக்குப் போற றோட்டு முழுக்க ஏத்தமும் இறக்கமும், பெரிய ட்ரக்குகள் எதிரிலை வந்துகொண்டேயிருக்கும். அவை அடிச்சுக்கொண்டு போற காத்திலை, பாரம் பிழைச்ச வாகனம் ஆடத் துவங்கினால் பிடிக்கேலாது. பக்கத்துச் சீற்றிலை இருக்கப்போறது இவ. கொண்டுபோய் ஏரியைக் காட்டவேணும், ஒரு கீறல் படாமல் திருப்பி வீட்டை கொண்டுவரவேணும். அவ்வளவுதான் எனக்கு வேலை.

பிக்கப்பின்ரை கதவைத் திறந்தால் தூணிலை ஒரு மஞ்சள் ஸ்ரிக்கர் இருக்கும். ஆக்களும் சாமானும் எல்லாம் சேத்து இவ்வளவுக்கு மேலை ஏத்தக்கூடாது எண்டு போட்டிருக்கும். எங்கடையிலை அந்த இடத்திலை ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கர்! வாகனம் வாங்கின கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, தேசிக்காய்க்கு மேலாலை ஏத்தி, நானே சந்தனமும் தடவி ஒட்டினது. கொம்பனிக்காரன் எழுதினதை மறைச்சுப்போட்டு பிள்ளையாரை ஒட்டின விசரன் நான்தான். சுடுதண்ணியிலை துணி நனைச்சு ஊறவைச்சு, "பிள்ளையாரப்பா, கோவிக்காதை" எண்டு சொல்லிச் சொல்லி உரிச்செடுத்து, கண்ணாடிக்குக் கிட்ட ஒட்டிவிட்டன். கீழை இருந்த இலக்கம் அறுநூற்று நாப்பது கிலோ.

சரி. இனிக் கணக்கு.

கிட்டடியிலை ஒரு பழைய இரும்பு யாட் இருக்கு. வாகனத்தை ஏத்தி நிறுக்கிற பெரிய தராசு வைச்சிருக்கினம். ராங்க் நிறையப் பெற்றோல் அடிச்சு, நான் இறங்கி நிண்டு, வெறும் பிக்கப்பை நிறுத்தன். ரண்டாயிரத்துப் பத்து. பேந்து கூட்டை ஏத்தி நிறுத்தன். கொம்பனிக்காரன் தகட்டிலை முந்நூற்றுத் தொண்ணூறு எண்டு போட்டிருக்கிறான். தராசிலை நானூற்று முப்பது. தகட்டிலை இருக்கிறது புதுசா இருக்கேக்கை நிறுத்த நிறை. பேந்து பற்றறி பூட்டினது, மேலை சீலைப் பந்தல் பூட்டினது எல்லாம் ஆர் கணக்கிலை எழுதுறது? "பாத்தியளோ அண்ணை, கடதாசியிலை இருக்கிற நிறையை நம்பினால் நாசம்தான்" எண்டு பக்கத்து வீட்டு அண்ணைக்குப் பெரிய வியாக்கியானம் விட்டன். இப்ப அதை நினைக்க என்னையே அறையவேணும் போல கிடக்கு.

முறையா ஏத்திப் பூட்டுற வேலை நாலு சனிக்கிழமை எடுத்தது. பிக்கப்பின்ரை பின் கதவைக் கழட்டினம், அதிலை இருபத்திரண்டு கிலோ மிச்சம். பெட்டிக்குள்ளை தடிச்ச றப்பர் விரிப்பு விரிச்சம், கூடு வழுக்காமல் இருக்க. பிறகு கூட்டை நாலு ஜாக் காலிலை உயர்த்திவிட்டு நான் பிக்கப்பை ரிவேஸிலை கீழாலை விடவேணும். ரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளிதான். இவ பின்னாலை நிண்டு கை காட்டுவா.

"வாங்கோ, வாங்கோ, இன்னும் வாங்கோ. ஐயோ நில்லுங்கோ! சொல்லுக்கேக்கிற பழக்கமே இல்லையோ உங்களுக்கு?"

"நீர் வலம் எண்டு சொல்லிக்கொண்டு இடக் கையைக் காட்டினால் நான் எதைக் கேக்கிறது?"

அண்ணை வேலிக்கரையிலை நிண்டு சிரிப்பார். மே மாசம். அவர் அரைக்கைச் சேட்டோடை நிண்டார். இவ மாரி காலத்து ஜக்கற்றைப் போட்டுக் கழுத்து மட்டும் பூட்டிக்கொண்டு நிண்டா.

"இந்த வெயிலுக்கை என்ன குளிர் உமக்கு?" எண்டு கேட்டன்.

"எனக்குக் குளிருது" எண்டா. அவ்வளவுதான். நானும் விட்டுட்டன்.

முதல் தரம் ஏத்தினது பிழைச்சுது. கூட்டின்ரை பக்கத்திலை ஒரு அடையாளம் இருக்கு, அதின்ரை பாரத்தின்ரை நடு அதுதான். அது பின் அச்சுக்கு முன்னாலை வரவேணும். எங்களுக்கு ஒரு சாண் பின்னாலை போய் நிண்டுது. அப்பிடி ஓடினால் பிக்கப்பின்ரை முன் பக்கம் எழும்பும், முன் ரயருக்குப் பாரம் குறையும், ஸ்ரியறிங் பிடிச்ச பிடிக்கு நிக்காது. கூடு பிக்கப்பின்ரை பின் யன்னல் கண்ணாடியிலை முட்டாமல் இருக்க நாங்கள் வைச்ச மரக்கட்டைதான் காரணம், தடிப்புக் கூடிப்போச்சு. திரும்ப இறக்கிக் கட்டையை அறுத்துத் திரும்ப ஏத்தினம். இந்த முறை அடையாளம் அச்சுக்கு முன்னாலை வந்து நிண்டுது. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை.

கூட்டை வித்தவர் தந்த கொளுக்கியள் பெட்டியின்ரை தகரத்திலை பூட்டுறவை. அண்ணை அதைக் கையிலை எடுத்துப் பாத்திட்டு எறிஞ்சுபோட்டார். "தகரத்திலை பூட்டினால் காத்தடிக்கத் தகரமும் போகும், கூடும் போகும். சேசிஸிலை பூட்டு." கீழை படுத்து, நாலு மூலைக்கும் சேசிஸிலை இரும்பு பூட்டித் தந்தார். அதிலையிருந்து கூட்டின்ரை நாலு மூலைக்கும் திருகி இறுக்கிற கம்பி. முன் ரண்டும் முன்பக்கமா இழுக்கும், பின் ரண்டும் பின்பக்கமா. வேலை முடிய அண்ணை கூட்டின்ரை கதவிலை கையாலை சிலுவை போட்டார். "உன்ரை பிள்ளையாரும் பாக்கட்டும், எங்கடை மாதாவும் பாக்கட்டும்" எண்டார். இவவையும் ஏத்திக்கொண்டு ஒரு ஐம்பது கிலோமீற்றர் ஓடி, நிப்பாட்டி, நாலு கம்பியையும் பாத்தன். ஒண்டு அரைத் திருகு இளகியிருந்துது. இறுக்கினன்.

அந்த ஓட்டத்திலை மோர்னிங்சைட் றோட்டிலை ஒரு குழியிலை விழுந்து எழும்பேக்கை இவ வயித்தைப் பிடிச்சா.

"என்ன?"

"காஸ்."

காஸ் எண்டால் எங்கடை வீடுகளிலை அது ஒரு வருத்தமே இல்லை. சீரகத்தை அவிச்சுக் குடிச்சால் சரி. "வீட்டை போய்ச் சீரகத் தண்ணி குடியும்" எண்டு சொல்லிப்போட்டு, நான் பின் கண்ணாடியிலை கூடு ஆடுதோ எண்டு பாத்துக்கொண்டு ஓடினன்.

பேந்து சாமான் கணக்கு. ஒரு பேப்பரிலை எழுதி குசினி அலுமாரிக் கதவிலை ஒட்டினன். கூடு நானூற்று முப்பது. கம்பி, இரும்பு, விரிப்பு முப்பது. காஸ் சிலிண்டர் பன்ரண்டு. தண்ணி வழியிலை பிடிக்கலாம், பத்து லீற்றர் காணும், பத்துக் கிலோ. உடுப்பு, போர்வை இருபத்தைஞ்சு. நான் எழுபத்தொன்பது. குளியலறைத் தராசைக் கொண்டுவந்து நடுக் குசினியிலை வைச்சு, இவ கட்டிவைச்ச சமையல் சாமானை ஒவ்வொண்டா நிறுத்தன். முப்பத்தெட்டுக் கிலோ!

"உமக்கென்ன விசரே? ஏரி பாக்கப் போறமோ, கலியாணவீட்டுக்குச் சமைக்கப் போறமோ?"

"அரிசி இல்லாமல் போறதே? மிளகாய்த்தூள், பருப்பு, தேங்காய்ப் பூ, மிக்சி..."

"மிக்சி வேண்டாம். உந்தப் பெரிய சட்டி வேண்டாம். உது என்ன? இடியப்ப உரலோ? சுப்பீரியர் ஏரிக்கரையிலை இருந்து இடியப்பம் பிழியப் போறீரோ?"

"நீங்கள் பாண் திண்டால் ரண்டாம் நாள் முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு இருப்பியள். உங்களுக்காகத்தான்."

அது மரத்திலை செய்த பழைய உரல். ரண்டு கிலோ. நான் மாட்டன் எண்டிட்டன். எடுத்து எடுத்து கடைசியாப் பதினைஞ்சு கிலோவுக்குக் கொண்டுவந்தன்.

எல்லாம் எழுதிப்போட்டு "உம்மடை நிறை என்ன?" எண்டு கேட்டன்.

"என்ரை நிறை உங்களுக்கேன்?"

"எழுதவேணும். நீர் என்ன பறந்தோ வரப்போறீர்?"

"டொக்ரரிட்டை பாத்தது அறுபத்தொண்டு."

"அதெப்ப?"

"போன வருசமாக்கும். சரியா ஞாபகமில்லை."

தராசு காலடியிலை கிடக்கு. "இதிலை ஒருக்கா ஏறி நில்லும்" எண்டன்.

"கறி அடிப்பிடிக்கப் போகுது" எண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டா. நான் அறுபத்தொண்டு எண்டு எழுதினன். பிரிஜ்ஜுக்குள்ளை வைக்கிற தயிர்ப் பேணியைக் கூட நிறுத்தவன், இவவை மட்டும் வாய்ச்சொல்லை நம்பி எழுதினன். அங்கால் பக்கம் பாத்துக்கொண்டு, அகப்பையாலை கறியைத் துழாவிக்கொண்டு இவ சொன்னா:

"கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ. அவ்வளவு வராது."

நான் பெரிசாச் சிரிச்சன். "எல்லாப் பொம்பிளையளும் உதைத்தானே சொல்லுறவை! நான் இன்னும் ரண்டைக் கூட்டி எழுதவேணும்."

இவவும் சிரிச்சா. வாய் திறந்து சொன்ன மனிசியை நான் பகிடி பண்ணி அனுப்பினனான்.

கூட்டிப் பாத்தால் அறுநூற்று அறுபத்திரண்டு. ஸ்ரிக்கரிலை இருந்த அறுநூற்று நாப்பதும், கழட்டின கதவு இருபத்திரண்டும். சரியாத் தொட்டுக்கொண்டு நிண்டுது. "இனி ஒரு கிலோவுக்கும் இடமில்லை" எண்டு இவவுக்குச் சொன்னன். ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு உரலை எடுத்து அலுமாரிக்குள்ளை வைச்சா.

பிறகு வழமை போல எனக்குச் சாப்பாடு போட்டா. இதையும் சொல்லத்தான் வேணும். எங்கடை வீட்டிலை நான் சாப்பிடேக்கை இவ கிட்ட நிண்டு பரிமாறுவா. "இன்னும் கொஞ்சம் போடட்டோ, குழம்பு காணுமோ" எண்டு கேட்டுக்கொண்டு நிப்பா. நான் கை கழுவி ரிவிக்கு முன்னாலை போனாப் பிறகு தான் சாப்பிடுவா. ஆரும் சொல்லிச் செய்யிறதில்லை, அது அப்பிடியே நடந்துகொண்டு வந்தது. வேலை நாளிலை ஷிஃப்ட் வேறை, நான் வரேக்கை இவ நித்திரை. முப்பது வருசமா என்ரை சோத்துக் கோப்பையிலை என்ன கிடந்தது எண்டு இவவுக்குத் தெரியும். இவவின்ரை கோப்பையிலை என்ன கிடந்தது எண்டு எனக்குத் தெரியாது.

வெளிக்கிடுறதுக்கு முதல் சனிக்கிழமை, எல்லாத்தையும் ஏத்தி, ராங்க் நிறைச்சு, ரண்டு பேருமா இரும்பு யாட்டுக்குப் போனம். முழுப் பாரத்தோடை கடைசியா ஒருக்கா நிறுக்கவேணும் எண்டு நான் ஒரே பிடி. வெறும் பிக்கப் ரண்டாயிரத்துப் பத்து, கதவு போகவும் பாரம் சேரவும் ரண்டாயிரத்து அறுநூற்றைம்பது வரவேணும். தராசு பத்துப் பத்தாத்தான் காட்டும். தராசடியிலை யன்னலுக்குள்ளை இருந்தவன் எட்டிப் பாத்துச் சொன்னான், ரண்டாயிரத்து அறுநூற்று முப்பது.

"இருபது கிலோ மிச்சம்!" எண்டு நான் ஸ்ரியறிங்கிலை தட்டினன். "உம்மடை உரலையும் வைக்கலாம், மிக்சியையும் வைக்கலாம்!"

இவ மடியிலை கைப்பையைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை பாத்துக்கொண்டு இருந்தா.

ஆனால் எனக்கு மனம் ஆறேல்லை. ஒவ்வொரு சாமானையும் நானே நிறுத்தனான். இருபது கிலோ எங்கை போறது? கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை, வேலையிலை நாங்கள் அப்பிடித்தான். தராசு பிழையாக்கும் எண்டு, யன்னலுக்குள்ளை இருந்தவனிட்டைத் திரும்ப ஒருக்காப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொன்னன். இறங்கி ஏறினம். அதே முப்பது. சிலிண்டர் வெறுமையோ? இல்லை. தண்ணி ஒழுகிப்போச்சோ? குனிஞ்சு பாத்தன், இல்லை. தராசிலை போடாமல் எழுதினது ஒண்டே ஒண்டுதான் எண்டு அப்ப கூட எனக்கு ஓடேல்லை. ஒவ்வொண்டாக் குறைச்சுப் பாப்பம் எண்டுதான் சொன்னன்.

"நீர் ஒருக்கா இறங்கி அங்காலை நில்லும்."

இவ என்னைப் பாத்தா. "வேண்டாம். வாங்கோ வீட்டை போவம்" எண்டா.

"ஒரு நிமிசம். இறங்கும்."

இறங்கினா. பழைய பிரிஜ்ஜுகள் குமிச்சுக் கிடந்த பக்கமாப் போய், அந்த ஜக்கற்றோடை, கைப்பையை ரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு நிண்டா. யன்னலுக்குள்ளை இருந்தவன் சொன்னான்: ரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு.

முப்பதிலையிருந்து தொண்ணூறைக் கழிச்சன். நாப்பது. திரும்பக் கழிச்சன். நாப்பதுதான். ஒரு அஞ்சு கூடலாம், குறையலாம். அறுபத்தொண்டு இல்லை.

அப்பதான் நான் இவவை நிமிந்து பாத்தன். உண்மையாப் பாத்தன். ஜக்கற்றின்ரை கைக்குள்ளாலை தெரிஞ்ச மணிக்கட்டைப் பாத்தன். காப்பு நழுவாமல் இருக்க றப்பர் பாண்ட் சுத்தியிருந்தா. கழுத்து எலும்பு தெரிஞ்சிடும் எண்டுதான் பூட்டி வைச்சிருந்திருக்கிறா. என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா, களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி. பின்னாலை நிண்ட ட்ரக்குக்காரன் ஹோர்ன் அடிச்சான். நான் அசையேல்லை.

வீட்டை வாற வழியிலை நான் றோட்டையே பாத்துக்கொண்டு ஓடினன். கதைச்சால் கத்துவன் எண்டு தெரியும். இவதான் மெல்லமாச் சொன்னா.

"டிசம்பர் மாசம் நத்தார் காலத்திலையிருந்து சாப்பாடு இறங்குதில்லை. சாப்பிட்டாலும் நிக்குதில்லை. போய் ஏரியைப் பாத்திட்டு வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான். சொன்னால் நீங்கள் போக விடமாட்டியள்."

"நத்தாரிலையிருந்தோ?" எண்டன். "ஐயோ, அஞ்சு மாசமடியப்பா!"

"உங்களிலை கோவமில்லை. நான்தானே ஒளிச்சனான்."

ஒளிச்சது இவதான். ஆனால் முப்பது வருசம் ஒரே வீட்டுக்குள்ளை இருக்கிற மனிசனிட்டை இருந்து ஒளிக்கிறது அவ்வளவு லேசா இருந்திருக்கு. அதுதான் எனக்கு வலிச்சுது.

வீட்டை வந்த உடனை "ரண்டு கோப்பையிலை போடும்" எண்டன். இவவுக்கு வெக்கம். "நீங்கள் முதல் சாப்பிடுங்கோ, நான் பிறகு..." எண்டா. நானே போட்டன். ஆளுக்காள் முன்னாலை இருந்தம். இவ ரண்டு வாய் எடுத்தா. மூண்டாவது வாயை வாயிலை வைச்சுக்கொண்டு நெடுநேரம் இருந்தா, விழுங்க ஏலாமல். நான் கோப்பையைத் தள்ளிவைச்சிட்டு அழுதன். இவ இடக் கையாலை என்ரை தலையைத் தடவிக்கொண்டு இருந்தா. வருத்தக்காரி அவ, ஆறுதல் சொன்னதும் அவ.

கூட்டைக் கழட்டக்கூட இல்லை. திங்கக்கிழமை காலமை அதே பிக்கப்பிலை, அந்தக் கூட்டோடைதான் டொக்ரரிட்டைப் போனம். பேந்து ஸ்கான், பேந்து பெரிய ஆஸ்பத்திரி. இரைப்பையிலை கான்சர். "ஆரிட்டையும் சொல்லாதேங்கோ" எண்டு இவ கையைப் பிடிச்சுக் கேட்டா. எங்கடை சனம் கதைக்கிற கதை உங்களுக்குத் தெரியாததே. மகளுக்கு மட்டும் சொன்னம். அவள் அடுத்த பிளேனிலை வந்து இறங்கி, அரைவாசி தமிழிலையும் அரைவாசி இங்கிலிசிலையும் எங்கள் ரண்டு பேரையும் ஏசிப்போட்டு, இவவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்து அழுதாள். கோடை முழுக்க மருந்து ஏத்தினவை. இலையுதிர் காலத்திலை இரைப்பையிலை பெரும் பங்கை வெட்டி எடுத்தவை. ஒப்பரேசனுக்குப் பிறகு இவவின்ரை நிறை நாப்பத்தொண்டு.

அண்ணைக்கு நாங்கள் சொல்லேல்லை. அவர் கேக்கவும் இல்லை. கூட்டை ட்றைவ்வேயிலை நாலு காலிலை இறக்கிவைக்க வந்தார். அதுக்குப் பிறகு மாரி முழுக்க, நான் ஆஸ்பத்திரியிலை நிண்ட நாளெல்லாம், ஏணி வைச்சு ஏறிக் கூட்டின்ரை கூரையிலை இருந்த பனிச் சினோவைத் தள்ளிவிட்டிருக்கிறார். நான் நன்றி சொல்லப் போக, "கூரை பாரம் தாங்காதெல்லே தம்பி" எண்டிட்டு உள்ளுக்கை போய்விட்டார்.

இப்ப எங்கடை வீட்டிலை ரண்டு பேரும் ஒண்டாத்தான் சாப்பிடுறது. இவவுக்கு ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு சின்னக் கிண்ணம். நான் ஷிஃப்டை மாத்தி எடுத்திட்டன். குளியலறைத் தராசு குசினியிலையே கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையள் காலமை இவ அதிலை ஏறி நிப்பா, நான் குனிஞ்சு பாத்து அந்தப் பேப்பருக்குப் பக்கத்திலை எழுதுவன். நாப்பத்துமூண்டு. நாப்பத்துமூண்டு. நாப்பத்தைஞ்சு. ஒரு கிழமை குறைஞ்சுது, அண்டைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. பழையபடி அறுபத்தொண்டு வராமல் போகலாம் எண்டு டொக்ரர் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். அடுத்த ஸ்கான் ஓகஸ்ற்றிலை. அதிலை என்ன வரும் எண்டு ஆருக்கும் தெரியாது. அதுக்கு முதல், ஜூன் மாசத்திலை ஏரிக்கு ஒரு கிழமை போய்வரலாம் எண்டவர்.

போன சனிக்கிழமை அண்ணையும் நானுமாக் கூட்டைத் திரும்ப ஏத்தினம். இவ பின்னாலை நிண்டு கை காட்டினா. இந்த முறையும் வலம் எண்டு சொல்லிக்கொண்டு இடக் கையைத்தான் காட்டினா. நான் வாயே திறக்கேல்லை.

அடுத்த நாள் காலமை தராசிலை ஏறினா. நாப்பத்தொன்பது. எழுதினன். இவ அலுமாரிக் கதவிலை இருந்த பேப்பருக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலையிருந்து கீழை வாசிச்சா. தன்ரை பேருக்கு நேரை இன்னும் அறுபத்தொண்டு எண்டுதான் கிடந்தது. நான் அதை வெட்டேல்லை.

"இஞ்சேருங்கோ, இதை மாத்தேல்லையே? நாப்பத்தொன்பதெண்டால் பன்ரண்டு கிலோ மிச்சம் இருக்கு" எண்டா. உள்ளுக்கை போய் அந்த உரலை எடுத்துக்கொண்டு வந்தா. "இது ரண்டு கிலோதானே. வைப்பமே?"

"வைக்கேலாது."

"ஏன்? இடம் இருக்கே!"

"அது உம்மடை இடம்" எண்டன். "நீர் அறுபத்தொண்டுக்கு வருமட்டும் அது அப்பிடியே கிடக்கட்டும்."

இவ உரலைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ளை வைச்சிட்டு, மேசையிலை ரண்டு கோப்பை வைச்சா.